அடியிலிருந்து பேப்பர் படித்தவள்

என் ஓரகத்திக்குப் பேப்பரை ஒழுங்காகப் படிக்கத் தெரியாது என்றுதான் கல்யாணமான புதிதில் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வீட்டில் பேப்பர் முதலில் மாமியார் கைக்குப் போகும். அவர் ராசிபலனைப் பார்த்துவிட்டு மூத்த மருமகளிடம் நீட்டுவார். அவள் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் முறத்தையும் முறத்தில் சின்ன வெங்காயத்தையும் வைத்துக்கொண்டு, வெளிநாட்டுச் செய்தி வரும் பக்கத்தை விரிப்பாள். ஒரு செய்தியை எடுத்தால் அதன் கடைசிப் பத்தியில்தான் முதலில் கண் வைப்பாள். அங்கிருந்து ஒவ்வொரு பத்தியாக மேலே ஏறி, தலைப்புக்கு வந்து சேர்ந்ததும் உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த செய்திக்குப் போவாள். எல்லாம் முடிந்து பேப்பர் என் கைக்கு வரும்போது அதில் வெங்காயத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

மரியாதைக்கு 'அவர்' என்று எழுத வேண்டும். என்னைவிட மூத்தவள், இப்போது உயிரோடும் இல்லை. ஆனால் கை வரவில்லை. வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிட்ட காலத்திலேயே மனசுக்குள் அவள் எனக்கு 'அவள்'தான்.

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வாழ வந்தவர்கள் நாங்கள். திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் ஒரு தெருவில் வீடு. அவள் கணவர், அதாவது என் மூத்தார், கடல் கடந்து ஒரு நாட்டில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கல்யாணமான கையோடு தம்பியையும், அதாவது என் வீட்டுக்காரரையும், அதே கம்பெனியில் வெல்டர் வேலைக்கு இழுத்துக்கொண்டார். அந்த நாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் மகன் இப்போது அங்கேதான் வேலை பார்க்கிறான், அவனுக்கு எதற்கு வீண் தொல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பேப்பர் படித்தவர்கள் தாங்களாக எதையாவது ஊகித்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆக, வீட்டில் மூன்று பெண்கள். இரண்டு ஆண்களும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு இருந்தது ஏர்மெயில் கடிதமும் பேப்பரும்தான். கடிதம் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். பேப்பர் தினமும் வரும், வந்து தினமும் பயமுறுத்தும்.

அவள் கீழ்பென்னாத்தூர் மல்லாட்டை மண்டிக்காரர் மகள். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வேர்க்கடலை. மண்டியில் மூட்டை வந்து இறங்கினால் மேலே இருப்பதை யாரும் பார்க்க மாட்டார்களாம். நல்ல முற்றிய காயாகப் பொறுக்கி வாய்ப்பக்கம் பரப்பித் தைத்திருப்பார்கள். அதனால் அவள் அப்பா கையை மூட்டையின் அடிவரை விட்டு ஒரு பிடி அள்ளி, உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாராம். மண்ணுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, சொத்தைக்கு இவ்வளவு என்று கழித்தது போக மிச்சம்தான் சரக்கு. அந்த மண்டியில் விளையாடி வளர்ந்தவளுக்கு உலகத்தில் எல்லாமே மூட்டையாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி தன் மகளுக்கு வந்த வரனின் பெருமையைப் பேசிவிட்டுப் போனால், "ஈரம் ஜாஸ்தி" என்பாள். மாமியார் என் புளிக்குழம்பைப் புகழ்ந்த ஒரே ஒரு நாளும் அவள் ஒரு வாய் பிசைந்து போட்டுக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, "நல்லாத்தான் இருக்குது" என்றாள். அந்தக் குழம்பை அதற்கப்புறம் நான் வைக்கவே இல்லை.

படிப்பிலும் அவள் எனக்கு ஒரு படி மேலே. வேலூருக்குப் போய்ப் பி.யு.சி. முடித்தவள். நான் போளூரில் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவள். நல்ல உயரம். மூக்குத்தி அவளுக்கு எடுப்பாக இருக்கும். அவள் கடைக்குப் போனால் கத்தரிக்காய்க்காரர் தானாகவே சொத்தையை ஒதுக்கிவிட்டு நிறுப்பார். நான் போனால் அந்தச் சொத்தையெல்லாம் என் கூடைக்கு வரும். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும்தான் பொறுக்க முடியவில்லை. பேப்பரில் வந்த ஒரு சேதி எந்த அளவு நிஜம் என்று அந்த வீட்டில் அவள் சொன்னால்தான் எடுபடும். நான் சொன்னால், "இரு, பெரியவ வரட்டும்" என்பார் மாமியார்.

எனக்குக் கல்யாணமான அடுத்த வருடம் அந்த நாட்டில் கலவரம் என்று பேப்பரில் போட ஆரம்பித்தார்கள். 'தலைநகரம் பற்றி எரிகிறது' என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. கீழே எரிகிற கார் ஒன்றின் படம். அன்றைக்கு அதிசயமாகப் பேப்பரை நான்தான் வாசலில் எடுத்தேன். எடுத்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மாமியாரும் கூட உட்கார்ந்தார். அவள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து, பேப்பரை என் கையிலிருந்து உருவிக்கொண்டு நாற்காலிக்குப் போனாள். கடைசிப் பத்தியில் விரலை வைத்தாள்.

"இன்னாத்துக்குடி அழுவுற? ஹார்பர்ல வேலை நடக்குதுன்னு இவனே போட்டிருக்கான். அடியில இருக்குது பாரு."

இருந்தது. 'துறைமுகம் வழக்கம்போல் இயங்கியதாகவும், நகரின் பிற பகுதிகளில் கடைகள் திறந்திருந்ததாகவும் தெரிகிறது' என்று கடைசியில் ஒரு வரி. பிறகு செய்தியின் உச்சியில் இருந்த ஊர்ப் பெயரைக் காட்டினாள். அது வேறொரு நாட்டில் இருக்கும் ஊர். எழுதினவர் அங்கே உட்கார்ந்துகொண்டு இன்னொரு ஊர் எரிவதை எழுதியிருக்கிறார் என்றாள். அதற்கு மறுநாள் இன்னொரு கார் எரிகிற படம் வந்தது. நான் மறுபடி அழத் தயாரானேன். அவள் இரண்டு நாள் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"ஒரே காருதான். நேத்து இந்தப் பக்கம் நின்னு எடுத்தான், இன்னிக்கு அந்தப் பக்கம் போயி எடுத்திருக்கான். பின்னாடி அந்த விளக்குக் கம்பத்தைப் பாரு."

கம்பமும் இருந்தது. என் கண்ணுக்கு மட்டும் அது ஏன் தெரியவில்லை என்று எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷி தன் புருஷனுக்குப் பயப்படும்போது விளக்குக் கம்பத்தையா பார்ப்பாள்? இவளுக்கு மனசு இருக்கிற இடத்தில் தராசுதான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு பேரையும் வரச் சொல்லி எழுதுங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றாள். பாதியில் வந்தால் வேலை போய்விடும், திரும்ப அந்த இடம் கிடைக்காது, வெறும் தலைப்புக்காக ஏன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் அதிகமானது.

அந்தக் காலத்தில் வெளியூரில் இருப்பவர்களை வரவழைக்க ஊர் முழுக்கத் தெரிந்த வழி ஒன்று இருந்தது. நானும் அதைச் செய்தேன். தந்தி ஆபீசுக்குப் போய், அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம், உடனே புறப்படவும் என்று மாமியார் பெயரைச் சொல்லி ஒரு தந்தி கொடுத்துவிட்டு, வரும் வழியில் சன்னதியில் கற்பூரமும் ஏற்றிவிட்டு வந்தேன். என் மூத்தார் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ட்ரங்க் கால் போட்டுப் பார்ப்பார் என்று எனக்கு எங்கே தெரியும். தெருமுனை ரைஸ் மில்லில்தான் ஃபோன். ஆள் வந்து கூப்பிட்டதும் மாமியாரே விறுவிறுவென்று நடந்துபோய் அதை எடுத்தார். தனக்குச் சாவு வந்துவிட்டதாகப் பிள்ளை அழுவதைக் கேட்டுவிட்டு, மில்லில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நான் கல்லாட்டம் இருக்கேன்டா, எவடா சொன்னது?" என்றார்.

எவள் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. என்னை யாரும் திட்டவில்லை. ஓரகத்தி வெங்காயம் உரித்துக்கொண்டே லேசாகச் சிரித்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் என் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. இனிமேல் இந்த மாதிரி ஏதாவது பேப்பரில் வந்தால் நீயாக முடிவு செய்யாதே, அண்ணியைக் கேள், அண்ணி வரச் சொன்னால் வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

என் புருஷன் வருவதும் வராததும் இன்னொருத்தி வாயில் இருக்கிறது என்று அவரே கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அந்த ஊர் நிஜமாகவே பற்றி எரியட்டும், இவள் முகத்தில் கரி பூசட்டும் என்று ஒரு நிமிடம் வேண்டிக்கொண்டேன். அவரும் அங்கேதான் இருக்கிறார் என்பது அடுத்த நிமிடம்தான் ஞாபகம் வந்தது.

ஊர் எரியவில்லை. கொஞ்ச நாளில் பேப்பருக்கு வேறு நாடு கிடைத்துவிட்டது. சகோதரர்கள் இருவரும் லீவில் வந்தார்கள். எனக்கு அவர் மயில் கழுத்து நிறத்தில் நைலக்ஸ் புடவை கொண்டுவந்தார். தெருவே வந்து தொட்டுப் பார்த்த புடவை. அண்ணிக்கு ஒரு ரேடியோ கொண்டுவந்தார், எல்லா நாட்டு ஸ்டேஷனும் எடுக்கும், நீளமான ஏரியல் வைத்தது. "அண்ணிக்கு நியூஸ் கேக்க ஆவும்னு வாங்கினேன்" என்றார். புடவை ரேடியோவைவிட விலை கூடுதல் என்று அவரே பிறகு சொன்னார். இருந்தால் என்ன? அந்தப் புடவையை ஒரு கார்த்திகை தீபத்துக்குக் கட்டினேன், அப்புறம் பெட்டியில் போட்டேன். சாயங்காலம் அவள் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் திருப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பௌர்ணமிக்கு மலை சுற்றப் போவோம். அவள் வேகமாக நடப்பாள், நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை. நாங்கள் வாங்குகிற பேப்பர் இல்லாமல் வேறு பேப்பர் வாங்குவார்கள். ஆம்பிளைகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்குப் போய், "பேப்பர் குடுங்க, பாத்துட்டுத் தரேன்" என்று கையை நீட்டுவாள். ஒருத்தரும் மறுத்ததில்லை. நான் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா என்று தெரியாது, கேட்க எனக்குத் தைரியம் வந்ததும் இல்லை. எங்கள் பேப்பரில் முதல் நாள் 'கலகக்காரர்கள்' என்று போட்டிருந்த கும்பலை அந்தப் பேப்பரில் 'பொதுமக்கள்' என்று போட்டிருக்கும். எங்கள் பேப்பரில் கல்லெறிந்தவர்கள் அதில் ஊர்வலம் போயிருப்பார்கள்.

எது நிஜம் என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"கும்பல் ஒண்ணுதான்டி. மேல உக்காந்திருக்கிறவன் பேப்பர்காரனுக்கு வேண்டியவனா இருந்தா கீழ நிக்கிறவன் கலகக்காரன். வேண்டாதவனா இருந்தா அவனே ஜனங்க" என்றாள். டீயை ஆற்றிக் குடித்தாள். அவளுக்கு இது சாதாரண விஷயம். எனக்கு மிச்ச மலையும் அதே யோசனையாக இருந்தது, இது எனக்கு ஏன் முதலில் தோன்றவில்லை என்று.

ஒரு முறை எதிர்ப்பக்கத்திலிருந்து வேடிக்கை நடந்தது. செங்கம் ரோட்டில் யாரோ ஒரு பஸ்ஸின் கண்ணாடியை உடைத்தார்கள். என்ன கோபமோ, அன்று மாலையே அடங்கிவிட்டது. அதே நாள் நாங்கள் ஒரு கல்யாணத்துக்குப் போய், பாயசம் சரியில்லை என்று குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டு வந்திருந்தோம். நாலைந்து நாள் கழித்து மில்லிலிருந்து ஆள் ஓடிவந்தார். ஃபோனில் என் வீட்டுக்காரர், குரல் நடுங்குகிறது. அந்த ஊர்ப் பேப்பரில் தென்னிந்தியா பற்றி எரிகிறது என்று போட்டிருக்கிறார்களாம், எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்களா என்றார். ஒரு பஸ் கண்ணாடிதான் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "அண்ணிகிட்ட குடு" என்றார். கொடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு வைத்தாள். வரும் வழியில், நம் ஊரை அங்கே இந்த அளவுக்கு ஊதினால், அவர்கள் ஊரை இங்கே எந்த அளவுக்கு ஊதுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் என்பது அறவே விட்டுப்போனது. எனக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டே நானும் பேப்பரை அடியிலிருந்து படிக்கப் பழகியிருந்தேன்.

வருடங்கள் போயின. எனக்கு மகன் பிறந்தான். அவளுக்குக் குழந்தை இல்லை. அந்த ஒன்றில் நான் அவளைவிட மேல் என்று நினைத்துக்கொண்ட நாட்கள் உண்டு. ஆனால் அவன் நடக்க ஆரம்பித்ததுமே நேராக அவள் நாற்காலிக்குத்தான் போனான்.

அதற்குள் அந்த நாட்டில் ஆட்சி மாறியிருந்தது. புதிதாக வந்தவர்கள் நம் அரசாங்கத்துக்கு வேண்டியவர்கள். அங்கிருந்து மந்திரிகள் வருவதும், இங்கிருந்து போவதும், மாலை போட்டுக்கொண்டு கட்டிப்பிடித்துச் சிரிப்பதும் பேப்பரில் படமாக வந்தது. எண்ணெய் தருவதாக ஒப்பந்தம், கப்பல் தருவதாக ஒப்பந்தம். கலவரம் என்ற பேச்சே இல்லை. மாமியாருக்குப் பரம நிம்மதி. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அவள் மட்டும் ஒரு மாதிரி ஆனாள். முதலில் நான் கவனிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். முறத்தில் வெங்காயம் அப்படியே கிடக்கும். ரேடியோவை ஒரு ஸ்டேஷனில் நிற்க விடாமல் திருகிக்கொண்டே இருப்பாள். கடிதம் வரும் நாள் தாண்டிப் போயிருந்தது. தபால் தாமதம் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் காலையில் அடுப்படிக்கு வந்து, நான் அரைத்துக்கொண்டிருந்த அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இத்தினி பெரிய நாட்டுல ஒரு கார் கண்ணாடிகூடவாடி ஒடையல? ஒரு கடைகூடவா மூடல? ஒரு வரி இல்ல. ஒருத்தன் ரேடியோவுல எப்பவும் போல கத்துறான், அவனை நம்ப முடியாது. மத்தவன் எல்லாம் வாயே தொறக்கல. இருக்கிறதுல கழிச்சிடலாம். ஒண்ணுமே இல்லன்னா நான் எதுல கழிக்கிறது?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். "உனுக்கு இன்னாடி தோணுது?" என்றாள்.

அவள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை. வாழ வந்த நாளிலிருந்து நான் காத்திருந்த கேள்வி. எனக்கு உள்ளே இனித்தது, அதை மறைப்பானேன். அம்மிக்குழவியை ஓரமாக வைத்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அவள் எப்படிச் சொல்வாளோ அதே நிதானத்தோடு, "பேப்பர்லதான் ஒண்ணும் இல்லியேக்கா, எதுக்குப் பயப்படணும்?" என்றேன். அவள் எழுந்து போனாள்.

அன்று உச்சி வெயிலில் தனியாகத் தந்தி ஆபீசுக்குப் போனாள். யாருக்கு உடம்பு சரியில்லை என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். யாருக்கும் இல்லை, இரண்டு பேரும் உடனே வரணும் என்று மட்டும் போடுங்கள் என்று சொல்லி, தன் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது மாமியார், "உனக்குமா பைத்தியம் புடிச்சிது?" என்றார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கடைசியில் இவளும் என்னைப்போலத் தந்தி ஆபீசுக்கு ஓடியவள்தானே.

அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. பேப்பரில் மாலையும் கையுமாகப் படங்கள் தொடர்ந்து வந்தன. பிறகு ஒருநாள், உள்பக்கத்தில், நினைவஞ்சலி விளம்பரங்களுக்குக் கீழே, இரண்டே வரியில் ஒரு செய்தி. அந்த நாட்டில் இயல்பு நிலை திரும்பியது, பள்ளிகள் திறக்கப்பட்டன.

அவள் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"திரும்பிடுச்சாம். போனதை எவனும் சொல்லவே இல்லியேடி" என்றாள்.

மூத்தார் திரும்பி வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். துறைமுக வாசலில் சுட்டதில் போனவர்களில் அவரும் ஒருவர் என்று கம்பெனி மூலமாகத் தெரிய வந்தது ரொம்ப நாள் கழித்து. உடல் வரவில்லை. எங்கள் பேப்பரிலும் வரவில்லை, அடி அண்ணாமலை டீக்கடைப் பேப்பரிலும் வரவில்லை, அவள் ரேடியோவிலும் சொல்லவில்லை. கலகக்காரர் என்றுகூட அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் வந்து இறங்கிய அன்று இது எங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டு வரிச் செய்தி வந்த மறுவாரம், பம்பாய் வழியாக, தாடியும் ஒற்றைப் பையுமாக வாசலில் வந்து நின்றார். மாமியார் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். நான் ஆரத்தி கரைக்கப் போனேன். அவள் கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாப்பாடு போட்டோம். அவர் தலையை நிமிர்த்தாமல் சாப்பிட்டார். அங்கே எவ்வளவோ நாளாகச் சண்டை, கடிதம், ஃபோன் எதையும் வெளியே விடவில்லை, கம்பெனி தருவித்த கடைசிக் கப்பலில் இஷ்டப்பட்டவர்கள் ஏறலாம் என்றார்கள், அதில் ஏறி வந்தேன் என்றார்.

"உங்க அண்ணன்?" என்று அவள் கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்.

"கெளம்பலாம்னு எவ்ளோ சொன்னேன் அண்ணி. தந்தியைப் பாத்துட்டுச் சிரிச்சாரு. இது அவ குடுத்தது இல்லடா, அவ இப்படிக் குடுக்கவே மாட்டா, உன் பொண்டாட்டிதான் போன தடவ அம்மா பேருல குடுத்தா, இந்தத் தடவ இவ பேருல குடுத்திருக்கான்னாரு. அவ பயப்படற ஆளா, ரெண்டு நாள்ல எல்லாம் அடங்கிடும்னு சொல்லிட்டு ட்யூட்டிக்குப் போயிட்டாரு."

எனக்குக் கோபம் வந்தது. என் பெயர் அந்த ஊர்வரைக்கும் போய் இப்படிக் கிடக்கிறதே என்ற கோபம். அத்தனை பேர் எதிரிலும் கேட்டுவிட்டேன்.

"பொய்த் தந்தின்னு தெரிஞ்சும் நீங்க மட்டும் எதுக்கு வந்தீங்க?"

"நீ குடுத்ததுன்னுதான் வந்தேன்" என்றார். "மறுபடியும் பொய்யா தந்தி குடுக்கற அளவுக்கு இவ பயந்து கெடக்கறாளேன்னு இருந்துச்சி. அதுக்கு மேல அங்க இருக்க முடியல."

என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அவ்வளவு பெரிய வார்த்தை சொன்னதில்லை. அண்ணி சொன்னால் வருகிறேன் என்று எழுதியவர் எனக்காக வந்திருக்கிறார். மூத்தாரை நினைத்துக் கவலைப்பட வேண்டிய நேரத்தில் எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. அதை மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு மோர்ச் சொம்பை எடுத்தேன். எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடுத்து வெச்சவடி நீ" என்றாள்.

வாழ்த்தாகச் சொல்லவில்லை. அழுகையும் இல்லை. அந்தப் பார்வையை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை விரித்த ஒவ்வொரு காலையிலும் நான் அவளை அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.